மோட்டார் கொட்டகையில் அப்பா கும்பிட்ட சாமி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிப்பவர்களில் பாதிப் பேர் அப்பாவோடு கோயிலுக்குப் போனவர்கள். மீதிப் பேர் எங்களோடு கிறிஸ்தவ ஆலயத்துக்கு வருகிறவர்கள். இரு தரப்பாரும் அறியாத சிலவற்றை மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், நெல் விவசாயக் குடும்பத்தின் இளைய மகனாகப் பிறந்தவர் அப்பா. ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த கிறிஸ்தவப் பெண்ணை விரும்பி மணந்தார். அவரவர் சாமியை அவரவர் கும்பிட்டார்கள். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் படுத்தார். தம்பி அப்போது பள்ளிக்கூடமே போகவில்லை. "பிள்ளைங்களை என் விசுவாசத்துல வளர்த்துடுங்க" என்று அம்மா கேட்டதும், "சரி" என்று அப்பா சொன்னதும் என் காதிலேயே விழுந்தவை.

அம்மாவை அடக்கம் செய்த சில மாதங்களில் பெரியப்பா வந்தார்.

"பையனுக்காவது குலதெய்வம் கோயில்ல மொட்டையடிச்சுக் காது குத்துடா."

"அவளுக்கு வாக்குக் கொடுத்துட்டேண்ணே."

"செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு பெரிசு. உயிரோட இருக்கிற நாங்க யாரு?"

பெரியப்பா காபியைத் தொடாமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷம் எதற்கும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

ஞாயிறுதோறும் அப்பா எங்களை ஆலயத்தில் விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே நிற்பார். ஆலயத்து உபதேசியாரிடம் கேட்டு ஜெபத்தை மனப்பாடம் செய்திருந்தார். நடவு நாளில் சேற்றுக் காலோடு வந்தாலும், சாப்பாட்டுக்கு முன் எங்களைச் சொல்லவைப்பார். நடுவில் அவருக்கே வார்த்தை தடுமாறும். தம்பி சிரிப்பான், அவரும் சிரித்துவிடுவார்.

வீட்டில் இரண்டு வழிபாடு இருந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அம்மா இருந்த காலத்திலும் வீட்டுச் சுவரை விட்டு இறங்காத முருகன் படத்தை அப்பா கழற்றி, வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில் கொண்டுபோய் மாட்டினார். தண்ணீர் பாய்ச்சப் போகும்போது அங்கேயே கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டு வருவார். எங்களுக்குத் தெரியும். வளர்ந்து ஆளான பிறகும், "படத்தை வீட்டுக்குக் கொண்டாங்கப்பா" என்று நாங்கள் சொன்னதில்லை.

என் திருமண நாளில் அதையும் மிஞ்சினேன். ஆலய வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நின்றிருந்தார்கள். "இன்னிக்கு ஒரு நாள் விபூதி வேண்டாமேப்பா" என்றேன். "சரிம்மா" என்று துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். ஆல்பத்தில் அந்த வெறும் நெற்றியை இன்றும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

சிறுநீரகம் பழுதாகி அப்பா தஞ்சாவூர் மருத்துவமனையில் கிடந்தபோது, "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றேன். "எதைம்மா?" என்றார். மறந்துவிட்டாரா, எனக்காக மறந்ததுபோல் கேட்டாரா, தெரியவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் அவருக்கு நினைவு தப்பியது, திரும்பவே இல்லை.

இறுதிச் சடங்கை எந்த முறையில் செய்வது என்று ஊரார் கேட்டார்கள். தம்பி பெரியப்பாவின் வீட்டு வாசலில் போய் நின்றான். "அப்பாவுக்கு அவரோட முறைப்படி செய்யணும் பெரியப்பா. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்." பெரியப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பிதான் கொள்ளி வைத்தான். எங்கள் சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். போதகர், "மகன் செய்ய வேண்டியதைச் செய்கிறான்" என்று சொல்லி, சுடுகாடு வரை கூடவே நடந்து வந்தார்.

அந்தப் போதகருக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், வந்திருந்து துயரம் பகிர்ந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. எங்களை வளர்ப்பதற்காக அப்பா இழந்த சொந்தங்களே, எங்களை மன்னியுங்கள்.

பெரியப்பா இப்போது அடிக்கடி வீட்டுக்கு வருகிறார். "அவன் இருக்கும்போதே வந்திருக்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். நாங்களாவது அவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று தலைகுனிகிறோம்.