ஒரே நாற்காலி, ஒத்துப்போகாத இரண்டு லைசென்ஸ்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஃபார்வர்டும் செய்யாதீர்கள். நெட்டில் முன்பின் தெரியாதவர்களுக்கு நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. நாளைக் காலை கம்ப்யூட்டர் பரண்மேல் ஏறுகிறது. பப்ளிக் எக்ஸாம் முடியும்வரை இறங்காது.

அதனால் இன்றே சொல்லிவிடுகிறேன்...

ஏசி குளிரும் ஈரக்குடை நாற்றமும். கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டர் என்றால் எனக்கு அதுதான். போன வருஷம், பிளஸ் ஒன் மழைக்காலம். நானும் செல்வியும் ஒரே நாற்காலியில் பாதிப்பாதியாக உட்கார்ந்திருப்போம்.

துபாயிலிருந்து செல்வியின் மாமா ஏதோ பழைய ஃபாண்டில் தமிழ் மெயில் அனுப்புவார். திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். மீன் விற்றுவிட்டு நேராக வந்த அவள் அம்மா அதைப் பார்த்து, "இன்னாடி இது, மாமா கோலம் போட்டு அனுப்பிகீறாரா?" என்றார்.

அந்த மெயிலைப் படிக்கத்தான் புரோகிராம் எழுதினோம். இலவசமாகக் கிடைத்த இரண்டு லைப்ரரிகளை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம்களை, எடுத்தோம். ஒன்று எழுத்தை மாற்றும், இன்னொன்று திரையில் காட்டும். இரண்டையும் எங்கள் வசதிக்குத் திருத்தினோம். கட்டங்கள் தமிழான அன்று, செல்வியின் அம்மா அதே மெயிலைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

எல்லோருக்கும் கொடுக்கலாமே என்று ஒரு மெயிலிங் லிஸ்டில் போட்டோம். உடனே அந்த லிஸ்டில் இருந்த ஒரு அக்கா கேட்டார்: "மேல ஒரிஜினலா எழுதினவங்க பேரும் லைசென்ஸும் எங்கம்மா?"

ஸ்கூல் லேபில் புரோகிராமின் முதல் வரியில் நம் பெயரும் நம்பரும் இல்லாவிட்டால் மார்க் கிடையாது. அந்தப் பழக்கத்தில் செல்வி அதையெல்லாம் அழித்துவிட்டு எங்கள் பெயரைப் போட்டிருந்தாள். "இங்கிலீஷ்ல என்னமோ பொலம்பிகினு இருந்துச்சு. தூக்கிட்டேன்டி."

திரும்ப வைக்கும்போதுதான் அந்த லைசென்ஸ்களை, எந்த நிபந்தனையில் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை, முதன்முதலாகப் படித்தோம். ஒன்று, திருத்திக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் அதே முழுச் சுதந்திரம் வேண்டும், விற்கவும் விட வேண்டும் என்றது. இன்னொன்று, யாரும் விற்கவே கூடாது என்றது. ஒன்றுக்குக் கட்டுப்பட்டால் மற்றதை மீற வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளலாம். சேர்த்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

"அப்ப எங்க மாமா மெயில் மட்டும் தெரிஞ்சா போதுமா? மத்தவங்க மாமாங்கல்லாம் இன்னா பாவம் பண்ணாங்க?" என்றாள் செல்வி.

இரண்டாவது லைப்ரரியை எழுதியவருக்கு, விற்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மெயில் போட்டோம். பதிலே இல்லை. மழைக்காலம் போனது. செல்வி குடும்பத்தோடு குன்றத்தூர் போய்விட்டாள். அங்கே வேறு ஸ்கூல். எங்கள் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது. பதில் வந்ததா என்று நான் மட்டும் மெயில் பாக்ஸைத் திறந்து திறந்து மூடினேன்...

இன்று சாயங்காலம் பதில் வந்தது!

"இத்தனை நாள் பார்க்கவில்லை, மன்னிக்கவும். அந்த முதல் லைப்ரரியின் லைசென்ஸிலேயே என்னுடையதையும் தாராளமாகக் கொடுங்கள்" என்று.

இப்போது புரோகிராமை நெட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மேலே அவர்கள் இருவர் பெயர். கீழே செல்வி பெயர், என் பெயர். டயல்-அப் நத்தையாக நகர்கிறது. யாரும் போனை எடுத்து லைனைக் கட் செய்துவிடக்கூடாது, கடவுளே.

இப்போது நாற்காலி முழுதும் எனக்குத்தான். ஆனாலும் பழக்கதோஷம்... பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முக்கால்வாசி ஏறிவிட்டது...

இன்னும் கொஞ்சம்...

ஏறிடுச்சு! செல்வி, இதைப் பார்த்தால் உடனே உங்க அம்மாகிட்ட

ஐயோ, அப்பா கதவைத் தட்டுறார்