ஒன்பதாவது கேள்விக்கு என் மைத்துனன் எழுதிய பதில்

என் மனைவியின் தம்பி விமானி. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மலரும். அடுத்த கேள்வி, சம்பளம் எவ்வளவு வரும் என்பதுதான். அவனுக்குச் சம்பளமே கிடையாது என்றால் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நிஜமாகவே கிடையாது. அவன் ஒரு கம்பெனி முதலாளி. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரே ஆளும் அவன்தான். தலைமை அலுவலகம் எங்கள் வீட்டின் சின்னப் படுக்கையறை.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஆட்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதில் நாம் இருவரும் ஒரே தொழில்தான் என்று அவனைச் சீண்டுவேன். தன் லிஃப்ட் நடுவழியில் நின்றால் மணியடித்து ஆளைக் கூப்பிட முடியாது என்பான். அதற்கு மேல் அவனுக்குக் கிண்டல் வராது. எதையும் ஒரு வரி விடாமல் படிப்பதுதான் அவனுடைய சுபாவம். தலைவலி மாத்திரை வாங்கினால்கூட, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுதாகப் படித்துவிட்டுத்தான் விழுங்குவான். அதற்குள் தலைவலியே போய்விடும். என் மனைவி அவனுக்கு வைத்த பெயர் 'நோட்டீஸ்'.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம். அதற்கான வங்கிக் கடனுக்கு எங்கள் வீட்டை அடமானமாகக் கொடுத்தோம். மனதாரக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். மனைவியின் முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். லைசென்ஸ் வந்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, லைசென்ஸ் மட்டும் போதாதாம். எந்த ரக விமானமோ அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும், அதற்குத் தனிப் பணம். ஓர் ஏஜென்சி அந்தப் பணத்தைப் போட்டது. அவனுக்கு வரும் பணத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து வருடத்துக்குள் வேலையை விட்டாலோ விலக்கப்பட்டாலோ மீதியை மொத்தமாகக் கட்ட வேண்டும்.

அந்த ஏஜென்சிதான் அவனைக் கம்பெனி தொடங்கச் சொன்னது. விமான நிறுவனம் ஆட்களை நேராக வேலைக்கு எடுப்பதில்லை. இவனுடைய கம்பெனி ஏஜென்சிக்கு விமானி தரும், ஏஜென்சி நிறுவனத்துக்குத் தரும். சீருடை, வெளியூரில் தங்கும் செலவு எல்லாம் கம்பெனிச் செலவாகக் காட்டலாம், வரி குறையும் என்று அவர்களுடைய ஆடிட்டர் அடுக்கினார். சுயதொழில் செய்பவனுக்கு நோய் விடுப்பு கிடையாது என்பதை மட்டும் அடுக்கவில்லை. அதை இவனே ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் கண்டுபிடித்தான்.

கையெழுத்துப் போட நானும் கூடப் போயிருந்தேன். இருபத்தாறு பக்கம். எல்லோரும் பத்து நிமிடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். இவன் நான்கு மணி நேரம் உட்கார்ந்தான். எனக்குப் பசி காதை அடைத்தது. கடைசியில் ஒரு வரியைக் காட்டி மேனேஜரிடம் விளக்கம் கேட்டான். தன்னால் வர முடியாத நாளில், அதே தகுதியுள்ள வேறொரு விமானியைத் தன் பொறுப்பில் அனுப்பலாம் என்று அதில் இருந்தது. இது நிஜமாகவே செல்லுமா என்றான். இவனை எப்படியாவது கிளப்பினால் போதும் என்றிருந்த மேனேஜர், அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் செல்லும் என்றார்.

அந்த வரி எதற்காக அங்கே இருந்தது என்பது பிற்பாடுதான் எங்களுக்குப் புரிந்தது. தனக்குப் பதில் ஆள் அனுப்பும் உரிமை இருந்தால் அவன் தனி வியாபாரி, இல்லையென்றால் வெறும் ஊழியன். வருமான வரி அலுவலகம் அப்படித்தான் பார்க்குமாம். அவர்கள் கண்ணில் படுவதற்காக எழுதிய வரி அது, யாரும் நடத்திப் பார்ப்பதற்காக அல்ல. ஆனால் விமானி அறையில் ஒப்புக்கு எழுதிய வரி என்று எதுவும் கிடையாது. தாளில் என்ன இருக்கிறதோ அதைச் செய்ய வேண்டும். இவனை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. காது அடைத்துக்கொண்டு தலையைத் தூக்க முடியவில்லை. வராவிட்டால் அன்றைய காசு போவதோடு அபராதமும் உண்டு. மற்றவர்கள் இப்படிப்பட்ட நாளில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். இவன் ஒப்பந்தத்தை எடுத்தான். தன்னோடு அதே பயிற்சியை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நண்பனைக் கூப்பிட்டான். ஏஜென்சிக்கும் பணிநேரம் போடும் அலுவலகத்துக்கும், இன்ன பிரிவின்படி இன்னாரை அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டான்.

நண்பன் சீருடையை இஸ்திரி போட்டு, தொப்பியோடு விமான நிலையத்தின் ஊழியர் வாசலில் போய் நின்றான். காவலர் முதலில் சிரித்தாராம். அப்புறம் அதிகாரிகள் வந்தார்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். அன்று மாலைக்குள் இவனைப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் அவனைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கல்யாண வீட்டுக்கா ஆள் அனுப்புகிறாய் என்று கத்தினேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினான்.

பத்து நாள் கழித்து ஏஜென்சி மேனேஜர் வீட்டுக்கே வந்தார், பழக்கூடையோடு. எனக்கு அப்போதே சந்தேகம். விஷயம் இதுதான். வரி அலுவலகம் இந்த விமானிக் கம்பெனிகளைத் துருவ ஆரம்பித்திருந்தது. ஒவ்வொருவருக்கும் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி: உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா, எப்போதாவது அனுப்பியதுண்டா? அவர்களிடம் இருந்த நூற்றுச் சொச்சம் விமானிகளில் அனுப்பிய புண்ணியவான் இவன் ஒருவன்தான். அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதிவிட்டால் போதும். அடுத்த வாரமே பழைய இருக்கை. எழுதாவிட்டால் பயிற்சிப் பணத்தின் மீதி மொத்தமும் உடனே கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் போனதும் பேனாவை நானே எடுத்துக் கொடுத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. அடமானத்தில் இருந்த இந்த வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் என் பன்னிரண்டு வருட உழைப்பு இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை, ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுது என்று கெஞ்சினேன்.

"மாமா, அவனை வாசல்லயே திருப்பி அனுப்பினாங்களே" என்றான்.

"அது எனக்குத் தெரியாதா? எழுதுனா என்ன குறைஞ்சிடும்?"

அவன் பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினான். பிறகு, "ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி, விமானம் சரியா இருக்கு, நானும் சரியா இருக்கேன்னு கையெழுத்துப் போடுறேன். இதே கைதான்" என்றான்.

என் மனைவி உள்ளே போய்விட்டாள். தம்பிக்காகவும் பேச முடியவில்லை, எனக்காகவும் பேச முடியவில்லை. அவள் அழுதது எனக்குக் கேட்டது. அவன் எழுதினான். அனுப்பினேன். வாசலில் திருப்பி அனுப்பினார்கள். அன்றே என்னைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள்.

அந்தப் பதிலை வைத்து, அவன் முதலாளி அல்ல, ஊழியன் என்று வரி அலுவலகம் எழுதிக் கொடுத்தது. நிறுவனம் மேல்முறையீடு போனது. அது இன்னும் நடக்கிறது. ஏஜென்சி ஒப்பந்தத்தை ரத்து செய்து பணம் கேட்டது. வக்கீலைப் பிடித்து, தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்தோம். வங்கிக் கடன் தனி. இவனுக்கு ஒரு பயிற்சிப் பள்ளியில் சிமுலேட்டர் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. தரையை விட்டு எழாத பெட்டிக்குள் உட்கார்ந்து மற்றவர்களைப் பறக்க வைக்கிறான். வருவது பழைய வருமானத்தில் பாதிகூட இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமையும் லிஃப்ட் பார்க்கப் போகிறேன். மூன்று மாதம் அவனோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் அந்த நண்பன் வீட்டுக்கு வந்தான், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவன். செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே தயங்கி நின்றான். கையில் ஓர் உறை. ஏஜென்சி அவனைக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு மாற்றாக வேண்டாம் என்று விரட்டியவனை, என் மைத்துனனின் அதே இருக்கைக்கு நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பையன் மேல் என்ன தப்பு, அவன் வீட்டிலும் கடன்தான். ஆனாலும் எரிந்தது.

மைத்துனன் அவனை உள்ளே அழைத்து மேசையில் உட்கார வைத்தான். ஒப்பந்தம் இப்போது முப்பத்தொரு பக்கம். முழுதும் படித்து, ஒவ்வொரு பிரிவாக விளக்கினான். கோபமோ ஏளனமோ இல்லை, வகுப்பு எடுப்பது போலத்தான் இருந்தது. நண்பன் கடைசி வரை தலை குனிந்தே இருந்தான்.

"போடலாமாடா?" என்றான்.

"போடு. உனக்கும் வேற வழி இல்ல."

"காய்ச்சல் வந்தா என்ன பண்றது?"

நான் அடுத்த அறையில், வேண்டாத ஒரு ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மைத்துனனுக்கு அன்றைய கணக்குப்படி இன்னும் எழுபத்தொரு தவணை பாக்கி.

"போகாத. அன்னைக்குப் போற காசை நான் தர்றேன்" என்றான்.