ஆபரேஷனைத் தள்ளிவைத்த ஒரு டம்ளர் தண்ணீர்

இரண்டு வாரமாகப் பத்திரிகையில் இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் போன் செய்தீர்கள். பித்தப்பையில் கல். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இப்போது நலம். கல்லைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆபரேஷன் சொன்ன நேரத்துக்கு நடக்கவில்லை... அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

அன்று திங்கட்கிழமை. தியேட்டருக்குள் போகும் முதல் ஆள் நான்தான் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். சிறுவாச்சூரில் அம்மன் கோயில் வாரத்தில் திறக்கும் இரண்டு நாளில் ஒன்று என்பதால், விடிந்ததும் மனைவி கிளம்பிவிட்டார். "விளக்குப் போட்டுட்டு ஓடியாந்துடுறேன். நீங்க பேசாம படுத்திருங்க, அது போதும்."

பேசாமல் படுத்திருப்பது எனக்கு வராத கலை.

காலை ஷிப்டுக்கு வந்த நர்ஸ் செல்வராணி. நாற்பதைத் தாண்டியவர். சீருடையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. மணிக்கட்டில் வளையல் கழற்றிய தடம், வெயில் படாத நிறத்தில். மருந்து ஏற்றும் மிஷினை, புதிதாக வாங்கிவந்த மாட்டை அணுகுவதுபோல் பக்கவாட்டில் போய்த்தான் தொட்டார். ஆனால் என் கையில் நரம்பு பார்த்து ஊசி போட அவருக்கு அரை நிமிடம் ஆகவில்லை. இரண்டு தட்டு, ஒரு குத்து, முடிந்தது.

"புதுசா சேந்திருக்கீங்களா சிஸ்டர்?" என்றேன்.

"பழசுதான் சார். புதுசா சேந்திருக்கேன்."

திருமழபாடிப் பக்கத்துக்காரர். நர்ஸிங் முடித்துத் திருச்சியில் சில வருடம் வேலை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பிறகு பக்கவாதத்தில் விழுந்த மாமனார். பத்து வருடத்துக்கு மேல் வீடு. மாமனார் காலமாகி, பெரிய பெண்ணும் காலேஜுக்குப் போன பிறகு மறுபடி கிளம்பியிருக்கிறார். கணவர் அரியலூர் சிமென்ட் லாரி ஓட்டுகிறார்.

"வூட்டுல என்ன சொன்னாங்க?"

"ப்ரொபேஷன் முடியட்டும், அதுக்குள்ள சரிப்படலன்னா பேசாம வந்துடு, ரெண்டாவது தடவ கேக்கப்படாதுன்னுட்டாரு. இங்கயும் அதத்தான் சார் சொல்லிருக்காங்க... என்ன, கொஞ்சம் மரியாதையா."

சிரித்தேன். சிரிப்பு இருமலானது. தொண்டை வறண்டு கிடந்ததில் இருமல் நிற்கவில்லை. செல்வராணியின் கை, பக்கத்து மேசையில் என் மனைவி வைத்துவிட்டுப் போன பாட்டிலுக்குப் போனது. டம்ளரில் ஊற்றி நீட்டினார். "தண்ணி குடிங்க சார்."

வாங்கிக் குடித்தேன். ஒரு சொட்டு மீதமில்லை.

நம் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர். கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் சரி, கடன் கேட்டு வந்தவர் ஆனாலும் சரி. நீட்டுகிறவர் யோசிப்பதில்லை. வாங்குகிறவரும் யோசிப்பதில்லை, தாகம் இல்லாவிட்டாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேச்சு. அப்படி வளர்ந்த இரண்டு பேர் ஒரு கட்டிலுக்கு இருபுறமும் இருந்தால் என்ன நடக்கும்? இதுதான் நடக்கும்.

காலி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் இருவரும் அதைப் பார்த்தோம். என் தலைக்கு மேல், சிவப்பு எழுத்தில்: 'உணவு, தண்ணீர் கூடாது.'

செல்வராணி வெடுக்கென்று டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அய்யோ... போச்சு சார்."

"ஒரு டம்ளர்தானே சிஸ்டர். நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்? நான் வாயத் திறக்க மாட்டேன்."

"நீங்க திறக்க மாட்டீங்க சார். மயக்கத்துல வாந்தி மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, அது சொல்லிடும்."

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். சொன்னால் வேலை போகலாம். போனால் வீட்டில் இன்னொரு முறை கேட்க முடியாது. இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியாதா?

கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

வார்டு இன்சார்ஜ் நிவேதா. வயதில் செல்வராணியைவிடப் பதினைந்து வருடமாவது சின்னவர். செல்வராணி அவரை 'சிஸ்டர்' என்பார், அவர் செல்வராணியை 'அக்கா' என்பார். பாதி திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் கேட்டது.

"அக்கா! என்னக்கா இது? போர்டு மாட்டிருக்குல்ல?"

"மாட்டிருக்கு சிஸ்டர். பாக்காம குடுத்துட்டேன்."

"எங்க பெரியக்கா வயசு உங்களுக்கு. உங்கள எப்படித் திட்டுறதுன்னே எனக்குத் தெரியல."

"பரவால்ல, திட்டுங்க சிஸ்டர்."

"திட்டிட்டேன்னு வச்சுக்கங்க. வாங்க, டாக்டர்கிட்ட சொல்லுவோம்."

மயக்க மருந்து டாக்டர் வந்தார். என்னிடம் இரண்டே கேள்வி. எவ்வளவு? தண்ணீர் மட்டும்தானா? பால், காபி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "சரி, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம். அடுத்த ஆள முதல்ல எடுத்துடுறோம்."

"கேன்சல் இல்லீங்களா டாக்டர்?" செல்வராணிக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் வேலை பாத்தப்ப, தண்ணி குடிச்சா அன்னிக்குக் கேஸே கிடையாது."

"அது அந்தக் காலம்மா. வெறும் தண்ணி ரெண்டு மணி நேரத்துல இறங்கிடும். ஆனா எப்ப குடிச்சாங்கன்னு எனக்குத் தெரியணும்." பிறகு கேட்டார்: "யார் குடுத்தது?"

"நான்தான் டாக்டர்."

"யார் வந்து சொன்னது?"

"நான்தான்."

டாக்டர் அவரை ஒரு தடவை பார்த்தார். அவர் சொன்ன நேரத்தைச் சீட்டில் குறித்துக்கொண்டு போனார். நல்லதா, கெட்டதா? முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

குங்குமத்தோடு ஓடிவந்த மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன். "நான் அங்க ஆத்தாகிட்ட மன்றாடிட்டு இருக்கேன்... நீங்க இங்க ஒக்காந்து தண்ணி குடிக்கிறீங்களாக்கும்!" செல்வராணி மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. மொத்தமும் எனக்கே கிடைத்தது.

மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் வலிதான் முதலில் தெரிந்தது. அடுத்து மனதில் வந்தது, அந்தம்மாவை அனுப்பிவிட்டார்களா என்ற கேள்வி. வேறொரு நர்ஸ் வந்து பி.பி. பார்த்தார். சாயங்காலம் வரை செல்வராணி கண்ணில் படவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பத்திரிகையில் காலம் தள்ளியவனுக்குக் கேள்வி கேட்கப் பயம்!

மறுநாள் காலை நிவேதாவிடம் கேட்டேவிட்டேன்.

"அக்காவா? தியேட்டர் பக்கம் மாத்திட்டோம் சார். ஆபரேஷனுக்குப் போறவங்கள ரெடி பண்றது இனிமே அவங்கதான்."

"அந்த வேலைக்கேவா?"

"ஆமா. நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் மேடம்கிட்ட நான்தான் கேட்டு வாங்குனேன். அந்த போர்ட இனி அவங்கள விட யாரு சார் ஒழுங்காப் பாப்பாங்க? மறைச்சிருந்தாங்கன்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிருப்போம். தப்புப் பண்ணாத நர்ஸ நான் பாத்ததில்ல. வந்து சொல்ற நர்ஸத்தான் தேடிட்டு இருக்கோம்."

படுத்தபடியே யோசித்தேன். வெகுகாலம் கழித்து வேலைக்குத் திரும்புகிற பெண்களிடம் நாம் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி — இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கிறதா? கை எதையும் மறப்பதில்லை. நரம்பு கிடைத்துவிடுகிறது. புது மிஷின் ஒரு மாதத்தில் பழகிவிடும். விதிகள் மாறியிருக்கின்றன, கேட்டால் சொல்லித் தருவார்கள். சிக்கல் வேறு இடத்தில். யார் வந்தாலும் உபசரித்தே பழகிய அத்தனை வருட வீடும், தினமும் காலையில் கூடவே பஸ் ஏறி வந்துவிடுகிறது. அதை வார்டு வாசலில் இறக்கிவிடத்தான் கொஞ்சம் நாளாகும். அந்த நாளைக் கொடுக்கிற ஒரு நிவேதா எல்லா இடத்திலும் இருக்கிறாரா? தெரியவில்லை. இங்கே இருந்தார்.

போன வாரம் தையலைக் காட்டப் போயிருந்தேன். தியேட்டர் வராந்தாவில் செல்வராணி. சீருடையில் கடை மடிப்பைக் காணோம். செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய குடும்பத்தை வரிசையாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். "ஒருத்தர் மட்டும் இருங்க. மத்தவங்க கீழ போங்க... ஐயா, உங்களத்தான்!"

வணக்கம் சொன்னேன். ப்ரொபேஷன் என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்தேன்.

"நல்லாருக்கீங்களா சார்? அப்படி ஓரமா ஒக்காருங்க, கூப்புடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே, தண்ணீர்ப் பேச்சே எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் காக்க வைக்கப்பட்டதற்காக நான் சந்தோஷப்பட்டது, வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.