இரண்டாவது பராமரிப்பாளர்

துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஊரார் கால்சட்டைகளைக் குட்டையாக்கித் தைப்பது அவள் தொழில். அளவெடுக்காமல் கத்தரியைத் தொடமாட்டாள். பழிவாங்குவதிலும் அப்படித்தான். நாத்தனாருக்கு அளவெடுக்க ஏழு மாதம் பிடித்தது.

நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, அழகு நிலையம் நடத்துபவள். பத்து விரலிலும் நீள நகம். கடைக்குத் தனியாக விளம்பரப் பலகை தேவையில்லை. ஒருநாள் தையல்காரியின் ஆறு வயது மகள் அங்கே சுழல்நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவளுக்குத் தோல் வறண்டு, வெடித்து, அரிக்கும் நோய். ஒட்டுகிற நோயல்ல என்று மருத்துவர் நாத்தனாரிடமே சொல்லியிருந்தார். அப்படியும் அவள் குழந்தையை இறக்கிவிட்டு, வாடிக்கையாளர்கள் பார்க்க, நாற்காலியைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். ஒருமுறை அல்ல, இருமுறை.

“தப்பா எடுத்துக்காத. வர்றவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க இல்ல?”

“நான் எதையும் எடுத்துக்கல, அண்ணி. நீங்க குடுத்ததைப் பத்திரமா வெச்சிருக்கேன். திருப்பித் தரேன்.”

அன்றிலிருந்து குழந்தை எந்த நாற்காலியைக் கண்டாலும், “நான் உட்காரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரும். சொந்த வீட்டிலும்.

ஏழாம் மாதம் தோல் மருத்துவமனையில் புது ஏற்பாடு வந்தது. குழந்தைக்கு மருந்து சரி, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்ன தேவை என்று கண்டறியப் போகிறார்களாம். சமூகப் பணியாளர் பெண் ஒருத்தி இருபத்திரண்டு கேள்விகளோடு எதிரே உட்கார்ந்தாள்.

“போன வாரத்துல உங்களுக்கு எரிச்சல் வந்துச்சாக்கா?”

“இந்தப் படிவத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“நல்லாத் தூங்குனீங்களா?”

“அவ சொறியாம இருக்கக் கையைப் பிடிச்சுக்கிட்டே படுக்கறேன். நீயே சொல்லும்மா.”

பத்தொன்பதாம் கேள்வி: உங்களைத் தவிர எத்தனை பேர் குழந்தையைத் தொட்டு மருந்து போடுகிறார்கள்? கணவன் லாரியோடு மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவன். வீட்டில் இருக்கும் நாளிலும் தன் கை முரடென்று சொல்லி நழுவிவிடுவான். தையல்காரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு பூஜ்யம் போட்டாள். தாளின் பின்பக்கம் வரை அழுந்திய பூஜ்யம்.

“அப்ப இரண்டாவது பராமரிப்பாளரா ஒருத்தரைச் சொல்லுங்கக்கா. நாங்களே கூப்பிட்டுப் பழக்கிவிடறோம்.”

தையல்காரி நாத்தனாரின் எண்ணை எழுதினாள். அழைக்க உகந்த நேரம்: சனிக்கிழமை, பதினொரு மணி. அப்போது கடை நிரம்பி வழியும், நாத்தனாரின் இரு கையும் தலைச்சாயத்தில் இருக்கும், போன் ஸ்பீக்கரில்தான் பேசும் என்பதெல்லாம் படிவத்தில் கேட்கப்படாத தகவல்கள்.

சனிக்கிழமை கடை முழுக்கக் கேட்டது: “குழந்தைக்கு அத்தைன்னா உயிருன்னு எழுதியிருக்காங்க. பயிற்சிக்கு வருவீங்களா?”

ஆறு வாடிக்கையாளர்கள் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார்கள். “வராம இருப்பேனா?” என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பயிற்சி அறையில் செவிலியர் முதலில் மோதிரங்களைக் கழற்றச் சொன்னார். அடுத்து நகவெட்டியை நீட்டினார். “நகம் பட்டா வெடிப்பு பெருசாகிடும்மா. ஒட்ட வெட்டுங்க.”

பத்து ‘டக்’. தையல்காரி கைதட்டவில்லை, எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தாள். இவ்வளவு நல்ல சங்கீதம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

அதன்பிறகு நடந்தது அவள் திட்டத்தில் இல்லாதது. குழந்தை முக்காலியருகே நின்று, “அத்தை, நான் உட்காரலாமா?” என்றது.

“ஏன் கண்ணு கேக்கற?” என்றார் செவிலியர்.

“நான் உட்கார்ந்தா அத்தை துடைப்பாங்க.”

அறையிலிருந்த பன்னிரண்டு அம்மாக்களும் திரும்பினார்கள். அந்தப் பார்வையைத் துடைக்க எந்தக் கிருமிநாசினியும் கிடையாது. நாத்தனார் காது சிவக்க, குழந்தையைத் தூக்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மொட்டை விரலால் களிம்பெடுத்து முழங்கை மடிப்பில் தடவினாள். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது.

தையல்காரிக்குக் கண் கரித்தது. அதற்காக மன்னித்துவிட்டாள் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அடுத்த மாதப் படிவத்தில், பத்தொன்பதாம் கேள்விக்கு எதிரே ‘ஒன்று’ என்று எழுதினாள்.

“கோபமெல்லாம் கொஞ்சம் குறைஞ்சிருக்காக்கா?”

“நகம் வளரும்போதெல்லாம் அதுவும் வளருதும்மா. வெட்டச் சொல்லி வாராவாரம் அண்ணிக்குப் போன் பண்ணுங்க. சனிக்கிழமை, பதினொரு மணிக்கு.”