சும்மா கிடைத்த வீடு

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையை ஜூலையில் மூன்று கிழமை பூட்டிவிடுவார்கள். அந்த இருபத்தொரு நாளும் பணப்பை திறபடாமல் கழிய வேண்டும் என்பது அவருடைய வருடாந்தப் பிரார்த்தனை. பிள்ளைகளின் பிரார்த்தனை வேறு. வகுப்பில் யார் கிரீஸுக்குப் போகிறார்கள், யார் துருக்கிக்குப் போகிறார்கள் என்று மகள் டேனிஷில் அடுக்குவாள். இவர் தமிழில், "ஏன், அங்க ரெண்டு சூரியனோ நிக்குது?" என்பார்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒருநாள் வேலையால் வந்த மனுசன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சாரும், செலவே இல்லாத ஹொலிடே ஒண்டு கண்டுபிடிச்சிட்டன். உம்மட அக்கா ஆக்களோட வீட்டை மாத்துவம். ஒரு கிழமை அவை இஞ்ச, நாங்கள் அங்க."

அக்காவும் அத்தானும் கோல்டிங்கில் இருக்கிறார்கள். அங்கே கடல் ஊருக்குள்ளேயே நீண்டு வந்து கிடக்கும். எங்கள் பக்கத்திலோ பெரிய விளையாட்டுப் பூங்கா. அக்காவின் பிள்ளைகளிடம் அதற்கு வருட டிக்கெட் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் லாபம். நான் அக்காவுக்கு போன் எடுத்தேன். சொல்லி முடிக்க முன்னமே, "ஓம், வாறம்" என்றாள். ஒரு சீலை எடுக்கவே ஐந்து கடை ஏறி இறங்குகிறவள் அவள். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

புறப்பட முதல்நாள் இவர் எங்கள் ஃப்ரீசரிலிருந்த றால், கணவாய், ஆட்டிறைச்சி எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கினார். "எங்கட ஆட்டை அவை சாப்பிட, நாங்கள் அங்க வெறும் பாண் துண்டோட இருக்கிறதோ?" மரியாதைக்கு ஒரு பை பட்டாணியை மட்டும் விட்டுவைத்தார். கோல்டிங்குக்குப் போய் அக்காவின் ஃப்ரீசரைத் திறந்தால், அங்கே மரியாதைக்கு ஒரு பை கீரை கிடந்தது. வேறொன்றும் இல்லை.

"எப்பிடிப்பட்ட சனம் பாரும்" என்று இவர் உண்மையாகவே மனம் நொந்தார்.

அடுத்த நாள் விடிய அழைப்புமணி அடித்தது. இவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு போய்க் கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மா முழங்காலில் கட்டும் கையில் ஊன்றுகோலுமாக நின்றா. கூடவே கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். இந்தக் கிழமை முழுக்கக் காலையும் மாலையும் நாங்கள் நாயை நடக்கக் கூட்டிப்போவோம் என்று அக்கா சொல்லியிருக்கிறாளாம். எவ்வளவு நல்ல மனிதர்கள் நீங்கள் என்று அவ கண் கலங்கினா.

நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்குப் போகிறவர் என் கணவர். ஆனால் டேனிஷில் ஒருவர் நன்றி சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு "முடியாது" என்று சொல்லும் வித்தை அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கயிற்றை வாங்கினார். அதன் பிறகு நான் கண்டதெல்லாம் சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி தெருமுனையில் மறையும் அவருடைய முதுகைத்தான். யன்னலில் நின்ற மகள் திரைச்சீலையை இழுத்து மூடினாள். "பின்லித்!" என்றாள். டேனிஷில் மானம் போகிறது என்பதற்கு அதுதான் சொல். தகப்பனைப் பற்றி அவள் அதிகம் பாவிப்பதும் அதைத்தான்.

நான் கோபத்தோடு போன் எடுத்தேன்.

"அக்கா, நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னியோ?"

"நீ வேலியைப் பற்றிச் சொன்னியோ?" என்றாள் அவள்.

"எந்த வேலி?"

"தெரியாதமாதிரி நடிக்காத. உங்கட பக்கத்து வீட்டுக்காரன் விடியவே வந்து, வேலி வெட்ட வந்த சொந்தக்காரர் நீங்கள்தானே எண்டு அத்தானிட்டக் கேக்கிறான். கையில பெரிய கத்திரிக்கோலும் கொண்டு வந்தவன்!"

டென்மார்க்கில் கோடையில் உயிர்வேலியை வெட்டாமல் விட்டால் அயலவர்கள் சிரித்துக்கொண்டே சாடை சொல்வார்கள். எங்கள் வேலியைப் பற்றி அந்த மனிதர் இளவேனிலிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு இவர் கொடுத்த பதில் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவரைப் பிடித்துக் கேட்டேன்.

"உம்மட அத்தானுக்குத் தோட்டவேலை விருப்பம் எல்லே," என்றார் நாயைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் நாளளவில் அவருக்கும் நாய்க்கும் ஒரு சமாதானம் வந்தது. ஆட்டெலும்பு கொடுத்துத்தான் வந்தது. நாய் எங்களை ஒவ்வொரு நாளும் கடற்கரைப் பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே டேனிஷ் பிள்ளைகள் நூலில் சிப்பிச் சதையைக் கட்டி நண்டு பிடித்து, வாளியில் விட்டு வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பக் கடலில் கொட்டுவார்கள். இவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பிடிச்ச நண்டைக் கொட்டுறாங்களப்பா!"

வேண்டாத நண்டைத் தங்களுக்குத் தரும்படி கேட்கச் சொல்லி மகனைத் தூதனுப்பினார். பிள்ளைகள் சந்தோசமாகக் கொடுத்தார்கள். எங்கள் வாளி நிறைந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒரு சின்னப் பெட்டை, உங்கள் வீட்டில் இவற்றை எங்கே வளர்ப்பீர்கள் என்று கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத என் மகன், "சாப்பிடுவம்" என்று தெளிவான டேனிஷில் சொன்னான்.

அவள் போட்ட சத்தத்தில் நாயே பயந்துவிட்டது. தான் கொடுத்த நண்டுக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாளாம். இவர் முழந்தாளில் இருந்து, அவள் விரல் நீட்டிய நண்டை வாளிக்குள் தேடினார். அவள் மூன்று தடவை வேறு வேறு நண்டைக் காட்டினாள். மூன்றையும் கடலில் விட்டார், கடைசி நண்டு அவர் விரலைக் கடித்த பிறகு. மிச்சத்தில் மிளகு தட்டிப் போட்டு நான் ரசம் வைத்தேன். நாய்க்கார அம்மா ஒரு கோப்பை குடித்து, மூக்கைத் துடைத்து, இன்னொரு கோப்பை கேட்டா. தன் சின்னப் படகு சும்மா கிடக்கிறது, எடுத்து ஓட்டுங்கள் என்றா. கடைசி இரண்டு நாளும் நாங்கள் தண்ணீரில்தான். துடுப்பு இவர் கையில் இருந்ததால் படகு ஒரே இடத்தில் வட்டமிட்டது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பினோம். காரை விட்டு இறங்கியதும் இவர் நேரே வேலியடிக்குப் போனார். ஆளுயரத்துக்கு நின்ற வேலி இடுப்பளவில் நின்றது. நேராக, மிக அழகாக. பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் கோப்பியும் கேக்கும் கொடுத்து உற்சாகப்படுத்த, அத்தான் வெட்டிக்கொண்டே போயிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஓர் அங்குல வேலிக்கு வழக்கு வைத்துக் கோடு வரைக்கும் போகிற பரம்பரை எங்களுடையது. இங்கே முழு வேலியுமே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கதிரையிலிருந்தபடியே எங்கள் குசினி அடுப்பு வரைக்கும் பார்த்துக் கை காட்டினார். என்ன செய்வது, நாங்களும் காட்டினோம். அடுத்த நாள் அவர் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் ஸ்ட்ரோபெரி நீட்டினார். அதுவரை அவர் குரல் மட்டுமே தெரிந்த எனக்கு, அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அத்தானும் இவரும் ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு அக்கா கொத்துரொட்டி போட்டுக் கூப்பிட, இரண்டு பேரும் ஒன்றும் நடவாததுபோல் சாப்பிட்டார்கள்.

மகள்தான் விடவில்லை. லீவு முடிகிற கிழமை, எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிறவள், நல்ல தமிழில் கேட்டாள்: "அப்பா, மிச்சம் பிடிச்ச காசு எங்க?"

அந்தத் தமிழுக்கு இவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. நால்வரும் பீட்சாக் கடைக்குப் போனோம். அங்கே தண்ணீருக்கும் காசு. இவர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு என் கைப்பையிலிருந்து வீட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மகள் மேசைக்குக் கீழால் தன் கிளாஸை நீட்டினாள்.