எந்த நாகம்?

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எலும்பைப் பற்றியெல்லாம் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கரையான்சாவடியில் மழையில் வண்டி சறுக்கி என் கணவருக்குக் கால் முறிந்தது. கம்பி வைத்தார்கள். மாதங்கள் போயும் எலும்பு கூடவில்லை. கூடாவிட்டால் மறுபடி அறுத்து, இடுப்பெலும்பைச் சுரண்டி எடுத்து முறிவில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். லேத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர் அவர்.

இதற்கிடையில் காசிக்குப் போய் வந்த அவருடைய அண்ணன் ஒரு டப்பா கொண்டுவந்தார். மேலே முழுக்க இந்தி எழுத்து.

"நாக பஸ்பம், நைனா. எலும்புக்கு நாகம் நல்லதுன்னு நம்ம நாட்டு மருந்துக் கடையிலயே சொல்றான். எலும்பு ஒரு தபா ஒட்டிக்கிச்சின்னா வெட்டித்தான் பிரிக்கணும்."

நாகம் என்றால் துத்தநாகம் என்று எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து கணவர் தினமும் அதைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் வயிற்றை முறுக்க ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. எனக்கு அந்த டப்பாவின் மேல் சந்தேகம் வந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் நாட்டு மருந்து சாப்பிட்டதாகச் சொல்லி டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கினார். பிறகு எங்கள் முறை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு கூடாம அப்படியே இருக்கு. வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். ரசம் சோறுதான் துன்றேன்."

என் கை பைக்குள் போயிற்று. கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாத்துக்கு இப்ப அத்த எடுக்குற? அண்ணன் மானத்த வாங்கணுமா?" என்றார். வெளியாட்களிடம் பேசியே பழக்கமில்லாதவள் நான். டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் திட்டவில்லை. அதே வளாகத்தில் இருக்கும் சித்த மருத்துவப் பிரிவுக்கு, அது என்ன மருந்தென்று கேட்டுவர டப்பாவோடு என்னை அனுப்பினார். அங்கிருந்த டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காசியில வாங்கினதா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"நாங்க நாகம்னு சொல்றது துத்தநாகத்தம்மா. வடக்கே அதே பேரு காரீயத்துக்கு. எலும்பைக் கட்டுற செல்லுங்க நம்ம உடம்புல இருக்கு. துத்தநாகம் அதுங்களுக்குத் தெம்பு. காரீயம் சேர்ந்தா அதுங்க வேலையே நின்னுபோகும்."

"அதனாலதான் கூடலியாம்மா?"

"ரத்தத்தைப் பார்க்காம சொல்ல முடியாது. முதல்ல இதை நிறுத்துங்க."

திரும்பி வந்து டாக்டரிடம் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஆட்டோவில் வீடு வந்தோம். கதவைத் திறக்கும்போது கேட்டார்: "இத்தினி நாளா ஈயமா துன்னுகினு இருந்தேன்?"

மறுநாள் காலை ரத்தம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வரும்வரை மறு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள்.