நீச்சல் உடையில் வந்தவள்

எங்கள் குளியல் மண்டபத்தின் பெண்கள் பகுதிக்குள் துணியோடு வந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். அன்று சாயங்காலம் அப்படி வந்து நின்றவள் மாய் வான்யீ. உடம்பில் நீல நிற நீச்சல் உடை, தலையில் ரப்பர் தொப்பி. உள்ளே பல் போன கிழவி முதல் பால்குடி மாறாத பிள்ளை வரை அத்தனை பேரும் பிறந்த மேனியாக இருந்தார்கள். ஒருத்தி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மகளுக்கு முதுகு தேய்த்தபடியே மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். வான்யீ வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தாள். நாங்களும் அதே மாதிரி அவளைப் பார்த்தோம்.

சீனாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஹார்பினில் பனி இறங்கிவிட்டால் தெற்கத்திக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அவர்கள் ஊரில் ஆளுக்கொரு தடுப்புக்குள் கதவைத் தாழிட்டுத்தான் குளிப்பார்களாம். கூடப் பிறந்தவளின் முதுகைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் இந்த மண்டபத்தில் அழுக்குத் தேய்த்துவிடுகிறவள், பெயர் லுவான் ஃபெங்ச்சின். குரலை அடக்கத் தெரியாதவள் என்று என் புருஷன் சொல்வார். அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

“தங்கச்சி, நீச்சல் குளம் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. இங்க குளிக்கத்தான் வருவாங்க,” என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

ஓடியே போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து உடையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தன்னையே கட்டிப் பிடித்தபடி, சுவரோரமாக என் மேசைக்கு வந்து சேர்ந்தாள். படுக்க வைத்து, வெந்நீர் ஊற்றி, கையில் சொரசொரப்பான தேய்ப்பு உறையை மாட்டிக்கொண்டு முதுகில் ஒரு இழு இழுத்தேன். நூல் நூலாக உருண்டு வந்த அழுக்கைக் காட்டியதும் தலையைத் தூக்கி உற்றுப் பார்த்தாள். தினமும் இரண்டு வேளை குளிக்கிறவளாம்.

கூச்சம் போகட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன். ஊர் தெற்கே ஃபோஷான். தரை ஓடு விற்கும் கடையில் வேலை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைக் குளியலறைக்கு விலை உயர்ந்த ஓடு வாங்க வைப்பதில் கெட்டிக்காரி. புருஷன் உண்டு, பள்ளிக்கூடம் போகிற மகள் உண்டு. ஆனால் தனியாகத்தான் வந்திருந்தாள். நேற்று ராத்திரி விமானத்தில் வந்து இறங்கியவள், இன்று ஒரே நாளில் ஊரையே சுற்றி முடித்திருந்தாள். காலையில் பச்சைக் கூம்புத் தேவாலயத்துக்கு எதிரே, பாதி வயசுப் பெண்களோடு வரிசையில் நின்று, வாடகைக்கு வெள்ளைக் கவுன் போட்டுப் படம் எடுத்துக்கொண்டாளாம். உறைந்து கிடக்கும் ஆற்றை நடந்தே கடந்தாளாம். காலடியில் பனிக்கட்டி முறுகும் சத்தம் கேட்டு, பாதி வழியில் அசையாமல் நின்றுவிட்டாளாம். இமையெல்லாம் வெள்ளையாகிப் போன பிறகும் தெருவில் நின்று குச்சி ஐஸ் தின்றிருக்கிறாள். மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் தன் ஊர் வழக்கப்படி மூன்று தட்டு கேட்டாளாம். பரிமாறுகிறவள் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு தட்டுக்கு மேல் தர முடியாது என்று சொல்லிவிட்டாளாம். வந்த அந்த ஒரு தட்டே அவர்கள் வீட்டு முகம் கழுவும் பேசின் அளவு இருந்ததாம்.

எல்லாம் சரி, எடுத்த படங்களை ஒருத்தருக்குமே அனுப்பவில்லை என்றாள். போனையே அணைத்து வைத்திருந்தாள். புருஷனோடு சண்டையா என்று கிண்டல் செய்தேன். இல்லை என்று மட்டும் சொன்னாள்.

திரும்பிப் படுக்கச் சொல்லி, இடது கையைத் தூக்க வைத்து, அக்குளிலிருந்து மார்பின் ஓரம் வந்தேன். என் கை அங்கேயே நின்றுவிட்டது. உறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கட்டியாக ஒன்று, நகராமல் இருந்தது. 

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்க்கா.”

மார்பு முழுவதையும் எடுத்துவிட வேண்டும், தள்ளிப் போட்டால் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். பெட் கிடைக்காமல் காத்திருந்து, நேற்றுக் காலையில்தான் காலியாகியிருக்கிறது, உடனே வந்து சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. தேவையான சாமான்களை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன், நீ முன்னால் போ என்று புருஷன் டாக்சியில் ஏற்றிவிட்டிருக்கிறார். இவள் பாதி வழியில் டிரைவரிடம் விமான நிலையத்துக்கு விடச் சொல்லியிருக்கிறாள்.

 இதைக் கூச்சல் போடாமல், ஓடு விலை சொல்வது மாதிரி சொல்கிறாள். மேசையில் கிடந்த அவளை ஒரு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது.

“அப்ப சாகறதுக்கு முன்னால பனி பாக்க வந்தியா?”

“அறுத்துப் போட்டுட்டு வாழறதவிட முழு ஒடம்போடயே போய்ச் சேந்துடலாம்னு தோணிச்சு. அதுக்கப்புறம் ஒரு பொம்பள எப்படி இருப்பான்னே எனக்குத் தெரியாதுக்கா. அப்படி ஒருத்திய நான் பார்த்ததே இல்ல.”

பார்த்ததே இல்லையாமே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெந்நீர்த் தொட்டியில் குவான் அக்கா கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வாராவாரம் அவளுக்குத் தேய்த்துவிடுகிறவள் நான்தான். அவளுக்கு ஒரு பக்கம் மார்பு இல்லை என்பது எனக்கே அன்று யோசித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு பழகிப் போயிருந்தது.

“குவான் அக்கா, கொஞ்சம் இங்க வாங்க. இந்தப் புள்ளைக்கு உங்க மார்பக் காட்டணும்,” என்று கூப்பிட்டேன். மண்டபத்தில் யாருக்குக் கேட்டிருக்காது?

தொட்டியை விட்டு எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டதே என்ற சலிப்போடு, சொட்டச் சொட்ட வந்து நின்றாள் அக்கா.

“இருக்கறதையா, இல்லாததையா?”

வான்யீ எழுந்து உட்கார்ந்தாள். நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை ஓடிய தழும்பு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கண்ணை எடுக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை. நான் செய்தது தப்போ என்று ஒரு நிமிஷம் பயந்தே போனேன்.

“நல்லா பாரு. தையல் கோணலா இருக்கு இல்ல? அந்த டாக்டர் மேல எனக்கு இன்னும் கோவம் போகல,” என்றாள் அக்கா.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?” வான்யீயின் குரல் காற்றாகத்தான் வந்தது.

“மொத நாள் அழுதான். ரெண்டாம் நாள், இந்த வருஷம் ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் யாரு போடுவான்னு கேட்டான். கோஸ அமுக்கற கல்ல பானை மேல தூக்கி வைக்க எனக்குக் கை எழும்பல. அவனையே வைக்கச் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவன்தான் வைக்கறான்.”

கையைத் தூக்க வருமா என்று வான்யீ கேட்டாள். அக்கா தூக்கினாள். அந்தக் கையாலேயே ஈரத்தலையைக் கோதிக்கொண்டு, வேறு ஒன்றும் இல்லையே என்று என்னைப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பிப் போனாள். யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. மாமியார் கதை இன்னும் முடிந்தபாடில்லை.

வான்யீ மேசையிலிருந்து இறங்கினாள். பாதிதான் தேய்த்திருந்தேன். நடு மண்டபம் வழியாக, எதையும் மூடாமல், உடைகளை வைக்கும் அலமாரிக்கு நேராக நடந்தாள். துண்டை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். போனைப் போட்டதும் செய்திகள் விடாமல் வந்து விழுந்தன. ஒன்றையும் திறக்காமல் ஆஸ்பத்திரி வார்டைக் கூப்பிட்டாள்.

“நான் மாய் வான்யீ. நேத்து வர வேண்டியவ. என் பெட் இன்னும் இருக்கா?”

நர்ஸின் குரல் எனக்கே கேட்டது. “இல்லம்மா. நீங்க வரல, அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டோம். உங்க வீட்டுக்காரர்தான் நேத்துலேர்ந்து வராந்தாவுல உக்காந்திருக்காரு. வீட்டுக்குப் போங்கன்னாலும் கேக்கல. நீங்க இங்கதான் வருவீங்களாம்.”

அவள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் துண்டைத் தோளில் போர்த்தினேன். தட்டிவிட்டாள்.

“அவர் உக்காந்திருக்கற எடத்துலயே ஒரு பெட்டப் போடுங்க,” என்றாள். “காலையில வந்துடறேன்.”